ஞானராஜ் கூப்பிட்ட பெயர்

போன செவ்வாய்க்கிழமை காலை ஞானராஜின் மைத்துனர் சைக்கிளில் வந்து, பட்டறை வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றார். இறங்கவில்லை. இறங்காமல் நிற்கிறவர் என்ன செய்தி கொண்டுவந்திருப்பார் என்று தெரியாதா என்ன? கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைத்தேனோ, இன்னும் கிடைக்கவில்லை. முடிச்சூர் ரோட்டுப் பட்டறையில் வண்டி விட்டவர்களுக்கெல்லாம் அவனைத் தெரியும், அவன் போய்விட்டான், அதனால் எழுதுகிறேன். ‘அவன்’ என்று எழுதுவதற்குப் பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. பதினாறு வருஷம் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவனை வேறு எப்படி எழுதுவது?

அந்தக் காலத்தில் ஏசி உள்ள கார் என்றால் வெளிநாட்டு வண்டிதான். கேஸ் எங்கேயோ கசிந்து குளிர் நின்றுபோய் வரும். மற்றவர்கள் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். ஞானராஜிடம் ஒரு சுடர் விளக்கு இருந்தது. அதில் தொங்கும் ரப்பர் குழாய், முனையிலுள்ள காற்றை உறிஞ்சிச் சுடருக்குக் கொண்டுபோகும். கேஸ் இல்லாவிட்டால் சுடர் நீலம், கசிகிற இடத்தில் பச்சை. “சோப்பு நொரை பொய் சொல்லும், நெருப்பு சொல்லாது” என்பான். சுடர் ஆடக் கூடாது என்று ஃபேனை நிறுத்தி, ஷட்டரை இறக்கிவிடுவான். பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டாகிவிடும். யாரும் பேசக் கூடாது, அது அவன் போட்ட சட்டம். அந்தப் பச்சை வெளிச்சத்தில் எங்கள் முகங்கள் எங்களுக்கே பிடிக்காது. பேய் ஓட்டுகிறவன் என்று அவனை நான் கிண்டல் செய்வேன்.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, கறுப்பு வண்டி ஒன்றின் கீழே பட்டறைக் குழியில் ஒயர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் டீக்குப் போய்விட்டதாக நினைத்து ஞானராஜ் வண்டிக்குப் புதுக் கேஸ் ஏற்றி ஷட்டரை இறக்கினான். கீழே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேசக் கூடாது என்பதுதானே சட்டம்? வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். முட்டாள்.

தலைக்கு மேலே சீறல் சத்தம் கேட்டது. அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் குழியில்தான் வந்து தேங்கும். ஏரியில் இறங்கிய மாதிரி கால் சில்லிட்டது, பிறகு இடுப்பு, பிறகு மார்பு. வலியே இல்லை, நல்ல தூக்கம் வந்தது. குழி விளிம்பில் சுடர் பச்சையாகக் குனிந்து எட்டிப் பார்த்தது. அந்த வெளிச்சத்தில்தான் விளிம்பில் கிடந்த என் செருப்பை ஞானராஜ் பார்த்திருக்கிறான்.

“சம்பந்தம், கீறியா?” என்று கூப்பிட்டான். கீறேன், இங்கேதான் இருக்கிறேன் என்றேன். மறுபடி கூப்பிட்டான். மறுபடி சொன்னேன். மூன்றாவது முறையும் தெளிவாகச் சொன்னேன், சத்தியமாகச் சொல்கிறேன். குழிக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை என்றுதான் கடைசிவரை அவன் சொன்னான்.

கையில் விளக்கோடு இறங்கிவிட்டான். இருட்டில் என்னைத் தேட அவனுக்கு வேறு வெளிச்சம் இல்லை. வெறும் கேஸ் மூச்சை அடைக்கும், நெருப்பில் பட்ட கேஸோ விஷம். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மேலே போட்டான். நான் சாயங்காலமே எழுந்து காபி குடித்தேன். அவன் மூன்று நாள் மூச்சுக்குத் தவித்தான். அப்போது பிடித்த இருமல் அவனைக் கடைசிவரை விடவேயில்லை.

அதற்குப் பிறகு அவன் சட்டத்தை மாற்றினான். விளக்கைப் பற்றவைக்கும் முன் பட்டறையில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். ஒரு பதில் குறைந்தாலும் தீக்குச்சி உரசமாட்டான். குழியில் நடந்ததை மட்டும் என் வீட்டில் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அடக்கம் முடிந்து செம்பாக்கத்தில் அவன் வீட்டில் எல்லோரும் கலைந்த பிறகு, என்னால் அடக்க முடியவில்லை. அந்த இருமல் என்னால் வந்தது என்று அவன் மனைவி எஸ்தர் அக்காவிடம் சொல்லி அழுதுவிட்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை.

“தெரியும் சம்பந்தம். தூக்கத்துல உன் பேரைத்தான் கூப்பிடுவாரு. கீறியா, கீறியான்னு கேட்டுட்டுக் காத்துக்கிட்டே இருப்பாரு. நான்தான் உனக்குப் பதிலா ‘கீறேன்’னு சொல்லுவேன். அப்புறந்தான் தூங்குவாரு. கடைசியாவும் கேட்டாரு, சொன்னேன்” என்றார்.

இப்போது விளக்கு என்னிடம் இருக்கிறது. நேற்று ஒரு வண்டி வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு வரிசையாகப் பெயர்களைக் கூப்பிட்டேன், எல்லோரும் பதில் சொன்னார்கள். வாய்ப் பழக்கமோ என்னவோ, கடைசியாக அவன் பெயரும் வந்துவிட்டது. ஒரு பதில் குறைந்தது. தீக்குச்சியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் குழியில் இறங்கி மூலை மூலையாகத் தடவிப் பார்த்தேன். குழி காலியாகத்தான் இருந்தது, ஆனால் கால் மட்டும் சில்லென்றிருந்தது.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கூப்பிடுதலைத்தான். இனி ஒவ்வொரு முறையும் கடைசியாக அவனைக் கூப்பிடுவேன், கொஞ்ச நேரம் காத்திருப்பேன். பதில் வரப்போவதில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்குக் குழியிலிருந்து மூன்று முறை பதில் சொன்னவன் நான், அவனுக்குத்தான் கேட்கவில்லை.