கூடுதலாகப் பதினொரு வெற்றி

2430. வெர்னா கோஸ்காவின் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டிய அட்டையில் இருந்த எண் இது. அதற்கு மேலே 2268, அதற்கும் மேலே 2106. இரண்டையும் பேனாவால் அடித்திருந்தார். புதிதாக வேலைக்கு வருபவர்கள் ஏதோ தொலைபேசி எண் என்று நினைத்து ஒருமுறையாவது சுழற்றிப் பார்ப்பார்கள்.

எங்கள் லொரெய்ன் ஊர்ப் பத்திரிகையில் மார்ச் கடைசி ஞாயிறன்று ஒரு முழுப் பக்கம் வரும். வரப்போகும் சீசனில் எந்த பேஸ்பால் அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்ற கணிப்பு. 1986இலிருந்து அதை எழுதியவர் வெர்னா. அவருடைய முதல் கணிப்புப் பக்கம் வந்த அன்று காலையே, இரும்பாலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த எமில் டோத் என்பவர் அலுவலகத்துக்கு போன் செய்தார்.

“ஏம்மா, நீ எழுதினதக் கூட்டிப் பாத்தியா?”

“எதைங்க கூட்டணும்?”

“இருபத்தாறு டீமுக்கும் நீ போட்ட ஜெயிப்ப. ரெண்டாயிரத்து நூத்தி முப்பத்தொண்ணு வருது. நடக்கப் போறதே ரெண்டாயிரத்து நூத்தி ஆறு ஆட்டந்தான். மிச்சம் இருபத்தஞ்சு ஆட்டத்துல யாரும்மா தோத்தா?”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தப்பு அது. மார்ச் மாதத்தில் ஒவ்வோர் அணியைப் பார்த்தாலும் ஏதாவது நல்லது கண்ணில் படும். இவர்களுக்குப் புதுப் பையன் நன்றாக வீசுகிறான், அவர்களுக்கு முட்டி ஆறிவிட்டது என்று ஆளுக்கு ஒன்றிரண்டு ஏற்றிப் போடுவோம். கூட்டும்போதுதான் வண்டவாளம் தெரியும். ஒரு ஆட்டத்தில் ஒருவன் ஜெயித்தால் இன்னொருவன் தோற்றாக வேண்டும். யாருக்காவது ஒன்று கொடுத்தால் யாரிடமிருந்தாவது ஒன்று பிடுங்க வேண்டும்.

அன்று மாட்டிய அட்டைதான் அது. அணிகள் கூடக்கூட எண் மாறியது. முப்பது அணி, தலைக்கு 162 ஆட்டம் என்று ஆனபிறகு 2430.

வெர்னா கணிப்பில் புலி என்று சொல்ல மாட்டேன். அணிக்குச் சராசரியாக ஒன்பது ஆட்டம் முன்னே பின்னே தப்புவார். சீசன் முடிந்து அக்டோபர் வந்தால் வாசகர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி, தப்பிய எண்களைச் சிவப்பு மையில் சுழித்து அவருக்கே அனுப்புவார்கள். எல்லாவற்றையும் ஒரு காலணிப் பெட்டியில் போட்டு வைப்பார். பெட்டி நிறைந்தால் இன்னொரு ஜோடி காலணி வாங்குவார்.

நான் பார்த்தவரையில், கடைசிச் சில வருடங்களாக அவருக்கு அலுப்புத் தட்டியிருந்தது. பயிற்சி முகாம்களுக்கு நிருபர்களை அனுப்புவதைப் பத்திரிகை நிறுத்திவிட்டது. பிப்ரவரி முழுவதும் மேசையில் ஆறிப்போன பியரோகிக் கொழுக்கட்டையைக் கடித்துக்கொண்டே முகாம்களில் இருப்பவர்களிடம் போனில் விசாரிப்பார்; வந்த சேதியே திரும்பத் திரும்ப வரும். “ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் பதினஞ்சு பவுண்டு இளைச்சு வந்திருக்கான், இன்னொருத்தன் பதினஞ்சு பவுண்டு ஏறி வந்திருக்கான். ரெண்டும் நல்ல சேதியாம்” என்று போனை வைப்பார். ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மேசையிலேயே ஐந்து நிமிடம் தூங்கப் பழகியிருந்தார்.

2009இல் வந்தது அவருடைய இருபத்து நான்காவது கணிப்புப் பக்கம். ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை; எங்கள் அலுவலகத்திலும் காலி நாற்காலிகள். மூன்று வாரம் உட்கார்ந்து வெர்னா கணக்கை முடித்தார். எங்கள் பக்கத்து அணியான கிளீவ்லாந்துக்கு 74. இரண்டு பந்து வீச்சாளர்களின் முழங்கை சரியில்லை என்பது அவர் கணக்கு. கூட்டுத்தொகை 2430. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பக்கத்தை வடிவமைத்த நான் அச்சு நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பென்சிலால் மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். கிளீவ்லாந்துக்கு எதிரே 85 என்று இருந்தது.

ஆசிரியர் கிளெம் ஹார்கன் அறைக்கதவு திறந்துதான் இருந்தது.

“கிளெம், இதை நீ மாத்தினியா?”

“நான்தான் மாத்தினேன். கோவப்படாதீங்க வெர்னா. ஊரே வேலை போய் வீட்டுல உக்காந்திருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல அவங்களுக்கு எழுபத்தி நாலுன்னு காட்டணுமா? ஒரு வாரம் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே.”

“சரி. இந்தப் பதினொண்ண எங்கருந்து எடுத்தே?”

“எடுக்கறதா?”

“மத்த டீமெல்லாம் அப்படியே இருக்கு. யாருகிட்டேருந்து எடுக்கறது, சொல்லு.”

கிளெம் பக்கத்தைப் பார்த்தார். “டெட்ராய்ட்ல கொஞ்சம் கழிங்க.”

“டெட்ராய்ட்லயா! நம்மளவிட மோசமாக் கெடக்கறான் அவன். கார் தொழிற்சாலையெல்லாம் பூட்டிட்டு உக்காந்திருக்கான். அவன் ஊர்லயும் ஒரு கிளெம் இருப்பான், அவனும் பதினொண்ணு ஏத்திட்டிருப்பான்.”

“நியூயார்க்ல எடுங்க. அவங்களுக்கு என்ன குறைச்சல்?”

“எடுக்கலாம். எடுத்தா அவங்க நம்பரும் பொய், நம்ம நம்பரும் பொய். கிளெம், நான் போடற நம்பர் எல்லாமே தப்பாப் போகலாம். போயிருக்கு. ஆனா நான் நினைக்காத நம்பர இதுவரைக்கும் போட்டதில்ல.”

“இன்னும் நாப்பது நிமிஷத்துல பக்கம் போகணும். எண்பத்தஞ்சுதான் போகும்.”

எங்கள் ஊழியர் சங்க ஒப்பந்தத்தில் ஒரு பழைய விதி உண்டு. எழுதியதை ஆசிரியர் மாற்றினால், எழுதியவர் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லலாம், மறுக்க முடியாது.

“அப்ப என் பேர எடுத்துடு” என்றார் வெர்னா.

“இருபத்தி மூணு வருஷமா வர்ற பேரு. யோசிச்சுக்குங்க. பேர் இல்லாம இந்த வருஷம் போச்சுன்னா, அடுத்த வருஷம் இந்தப் பக்கத்த உங்ககிட்டயே கொடுக்கணும்னு எனக்குக் கட்டாயம் இல்ல.”

வெர்னா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். நின்றபடியே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “எடுத்துடுப்பா” என்றார். எடுத்தேன். பெயர் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்ததால் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.

ஞாயிறு காலை வெர்னாவும் நானும் பணியில் இருந்தோம். ஒன்பது மணிக்கு போன் அடித்தது. வெர்னா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு பியரோகி டப்பாவைத் திறந்தார்.

“ரெண்டாயிரத்து நானூத்தி நாப்பத்தொண்ணு” என்றார் எமில் டோத். ஆலையை விட்டு வந்து பத்து வருடமாகியிருந்தது. “பதினொண்ணு அதிகம். உன் பேரையும் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன் எமில்.”

“அப்ப நீ போட்டதில்லையா இது? நம்ம பசங்களுக்கு நீ எத்தனை போட்டே?”

“எழுபத்தி நாலு.”

“அவ்வளவு மோசமா?”

“முழங்கை ரெண்டும் சரியில்லைங்க.”

“எண்பத்தஞ்சப் பாத்ததும் ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு. இந்தப் பாழாப்போன கூட்டலத்தான் செஞ்சிருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு எமில் போனை வைத்தார்.

அடுத்த மார்ச்சிலிருந்து அந்தப் பக்கத்தை வெளியூர் நிறுவனம் ஒன்று கணினியில் தயாரித்து அனுப்புகிறது. கூட்டினால் 2430 சரியாக வருகிறது. வெர்னா பள்ளி மாணவிகளின் சாஃப்ட்பால் ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறார்.