தாமதம் யார் தலையில்

விமானம் தாமதமானால் அந்தத் தாமதம் யாராவது ஒருவர் தலையில் விழுந்தே ஆகவேண்டும். அந்த நிறுவனத்தில் அதுதான் சட்டம். துப்புரவுக்காரர்கள் எரிபொருள் வண்டியைக் கைகாட்டுவார்கள். எரிபொருள்காரர் சாப்பாட்டு வண்டி வழியை மறித்தது என்பார். சாப்பாட்டு வண்டிக்காரர், பணிப்பெண்கள் கதவையே திறக்கவில்லை என்று ஒரே போடாகப் போடுவார். கடைசியில் எவர் வாய் செத்தவரோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள். இந்தப் பஞ்சாயத்துக்கென்றே ஒரு மேலாளர் உண்டு. தாமதத்துக்குத் தகப்பன் தேடுவதற்காகவே ஒரு மனிதருக்கு ஏசி அறை கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த அவளைக் கூட இருந்தவர்கள் 'கடிகாரம்' என்பார்கள். ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை, ஒரு சோதனையையும் விட்டதில்லை. சின்ன வயதில் பணிப்பெண்ணாக, விமானத்துக்குள் சாப்பாட்டுத் தள்ளுவண்டி தள்ள வந்தவள். கணுக்கால் வீங்கினாலும் சிரிப்பு வாடக்கூடாத வேலை. பதினேழு வருஷம் அப்படி உழைத்துப் போன வருஷம்தான் 'லீட்' ஆனாள். விமானத்துக்குள் பணிப்பெண்கள் அத்தனை பேருக்கும் அவளே பொறுப்பு என்று அர்த்தம். தோளில் தங்க நிறப் பட்டை தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்றவள் நகரவே இல்லை என்று அவள் கணவர் இன்றும் கேலி செய்வார். ஆனால் இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு தாமதம் அவள் கணக்கில் விழுந்திருந்தது. ஒன்று வாந்தி எடுத்த பயணியால், இன்னொன்று பிந்தி வந்த சகபணிப்பெண்ணால். மூன்றாவதும் விழுந்தால் பட்டை போய்விடும்.

விமானத்துக்குக் கீழே, தரையில் வேலை பார்த்தவன் அவள் கொழுந்தன், கணவரின் தம்பி. வண்டிக்காரர்களை எல்லாம் விரட்டி விமானத்தை நேரத்துக்குக் கிளப்பிவிடுகிற ஒருங்கிணைப்பாளன். அவனை அங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரே வீட்டில் மாடியில் அவனும் மனைவியும் கைக்குழந்தையும், கீழே இவளும் கணவரும்.

விமானத்துக்குள் எல்லாச் சோதனையும் முடிந்தபின் லீட் முன்கதவில் நின்று கட்டைவிரலை உயர்த்துவாள். அதைப் பார்த்த பிறகே பயணிகளைக் காத்திருப்புக் கூடத்திலிருந்து வெளியே விடலாம். விதி அப்படி. நடப்பது வேறு. பயணிகள் பேருந்தில் ஏறி வந்து சேருவதற்குள் மிச்சச் சோதனையை முடித்துவிடலாம் என்று எல்லா லீட்களும் கொஞ்சம் முந்தியே விரலைக் காட்டிவிடுவார்கள். தரையில் அல்லாடுகிறவர்களுக்குச் செய்கிற உபகாரம் அது. கடிகாரம் மட்டும் அந்த உபகாரத்தை யாருக்கும் செய்ததில்லை.

அன்று நடுப்பகல். முந்தைய ஊரிலிருந்தே விமானம் பிந்தித்தான் வந்தது. கொழுந்தன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான்.

"அண்ணி, கைய காட்டிடுங்க அண்ணி."

"இங்க அண்ணின்னு கூப்பிடாதன்னு எத்தன தடவ சொல்றது? பின்னாடி இன்னும் பாக்கல."

"பஸ் வர்றதுக்குள்ள பாத்துடலாம். எல்லாரும் அப்படித்தான செய்றாங்க? இன்னிக்கும் லேட்டுன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. புள்ளக்காரன் கேக்கறேன், அண்ணி."

அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. குழந்தையை இழுத்துப் பேசியதும் அவளுக்கு மனம் இளகிவிட்டது. அவன் இறங்கிக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தான். அவள் விரலை உயர்த்தினாள். அவன் வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டே ஓடினான்.

அவளும் பின்பக்கம் ஓடினாள். இருக்கைகள் சரி. தீயணைப்பான் சரி. கடைசியாகப் பின்கதவு. ஆபத்தில் பயணிகள் வழுக்கி இறங்குவதற்காக அந்தக் கதவுக்குள் ஒரு ரப்பர்ச் சறுக்கு மடித்து வைத்திருக்கும். அதை உப்ப வைக்கிற காற்றுக் குப்பிக்கு ஒரு சின்ன முள். முள் பச்சையில் நிற்கவேண்டும். அது பச்சையை விட்டுக் கீழே இறங்கி நின்றது.

கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் பேருந்து வந்து நின்றிருந்தது, முதல் ஆள் படியில் கால் வைத்திருந்தார். அந்த முள்ளை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் விமானம் கிளம்பிவிடும், பட்டை தோளிலேயே இருக்கும், கொழுந்தன் வேலையும் தப்பும். அந்தச் சறுக்கு வருஷக்கணக்கில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. இன்றைக்கு மட்டும் தேவைப்படப் போகிறதா என்ன?

இப்படியெல்லாம் யோசித்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் கோபம் கோபமாக வந்தது. விறுவிறுவென்று முன்னால் போய் விமானியின் கதவைத் தட்டினாள்.

பிறகு நடந்தது அமர்க்களம். ஏறியவர்களை இறக்கினார்கள். வெயிலில் பேருந்துக்குள் குழந்தைகள் அலறின. ஒருவர் அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டி வாய்க்கு வந்தபடி பேசினார். பொறியாளர் புதுக் குப்பியோடு வந்து மாட்டி, கையெழுத்துப் போட்டு, விமானம் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவளை அதில் அனுப்பவில்லை. மேலாளர் கூப்பிட்டிருந்தார்.

அறையில் பொறியாளரும் கொழுந்தனும் முன்னமே உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளர் முதல் ஆளாகக் கையைக் கழுவிக்கொண்டார். "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, பயணிங்க வெளிய வர்றதுக்குள்ள மாத்தியிருப்போம் சார். ஆள ஏத்திட்டு அப்புறம் கூப்பிட்டா நாங்க என்ன பண்றது?"

மேலாளர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "சிக்னல் இல்லாம நீங்களே பயணிங்கள விட்டுட்டீங்களா?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இல்ல சார். மேடம் கைய காட்டினாங்க. அப்புறம்தான் விட்டேன்."

அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மதியம் வரைக்கும் அண்ணி, இப்போது மேடம்.

"கைய காட்டினீங்களா?"

"காட்டினேன் சார்."

"பின்கதவப் பாக்காமயே?"

"பாக்காமதான்."

மேலாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். அவரும் அவளைப் பல வருஷமாகப் பார்த்தவர்தான். "நீங்க இப்படிச் செய்ற ஆள் இல்லையே. யாராவது அவசரப்படுத்தினாங்களா?"

கொழுந்தனின் கால் மேஜைக்கடியில் தடதடவென்று ஆடியது. ஒரே ஒரு 'ஆமா' சொன்னால் பாதிப் பழி அவனுக்குப் போகும், அவன் வேலையும் அதோடு போகும். சொல்லத்தான் அவளுக்கு நாக்குத் துடித்தது. ஆனால் கேட்கிறவன் ஆயிரம் கேட்பான், விரல் அவளுடையது. முள்ளைப் பார்க்காமல் விரலைத் தூக்கியது அவள்தானே?

"இல்ல சார்," என்றாள்.

பட்டையை மறுநாள் ஒப்படைக்கச் சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து மறுபடி தள்ளுவண்டி. வெளியே வந்ததும் கொழுந்தனைக் காணோம். பேருந்து பிடித்துத் தனியாகவே வீடு வந்தாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வழியெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அவள் கணவர் இன்னும் வரவில்லை. கூடத்தில் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். கொழுந்தன் மாடிப்படியின் கீழே நின்றிருந்தான். இவளைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது.

"வாங்கக்கா, உக்காருங்க, டீ போட்டுத் தரேன். இன்னிக்கு இவரு தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுக்கா! விசாரணையில இவர் மேல தப்பே இல்லன்னு சொல்லிட்டாங்களாம்."

"அப்படியா?"

"யாரோ ஒரு லீட்டாம். அவசரக்குடுக்கை. கதவக்கூடப் பாக்காம கைய காட்டிட்டாளாம். அவ இவரு வேலைக்கே உல வைக்கப் பாத்தாக்கா. எங்கிருந்துதான் இதுங்களையெல்லாம் வேலைக்கு எடுக்கறாங்களோ! உங்களுக்குத் தெரியுமா அவள?"

கொழுந்தன் தலையைத் தூக்கவே இல்லை.

அவள் கைப்பையை நாற்காலியில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அதன் விரலை ஒருமுறை பிடித்துவிட்டு விட்டாள்.

"தெரியும்மா. அந்த அவசரக்குடுக்கை நான்தான்."

ஓரகத்தியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "அக்கா... நான்... எனக்குத் தெரியாதுக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்? பாதிதான வந்து சேர்ந்திருக்கு. மிச்சத்த உன் வீட்டுக்காரர் சொல்லுவாரு. நான் கைகால் கழுவிட்டு வரேன்."

குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. இனியும் அவன் பேசாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். குழாயை மூடிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

ஓரகத்தியின் குரல் கேட்டது. "என்னங்க அது மிச்சம்?"

குழந்தை சிணுங்கியது. பிறகு அவன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணி முடியாதுன்னுதான் சொன்னாங்க," என்றான். "நான்தான் விடல."