பாலம் ஏறும் முன்பே பொத்திய மூக்கு

பள்ளிக்கூட வேன் ஓட்ட வரும் தம்பிமார் முதலில் உள்கண்ணாடியைப் பார்த்துப் பழக வேண்டும். எனக்கு அதில் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

உச்சிப்புளிப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டி, பாம்பனில் ஜெனிபரை ஏற்றுவேன். மீன்பிடிக் குடும்பம், இரண்டாம் வகுப்பு. ஒரு காலையில் அவள் அம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அண்ணே, எம்பிள்ள மேல மீன் வாடை அடிக்குதா? ரெண்டு தடவ குளிப்பாட்டி விடுறேன். சோப்பும் மாத்திட்டேன். பள்ளிக்கூடமே வேணாம்னு அழுகுறா."

கண்ணாடியைப் பார்த்தேன். உச்சிப்புளியில் ஏறிய யு.கே.ஜி. கவின் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தியிருந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள்.

மறுநாள் கவனித்தேன். பாலம் ஏறும் முன்பே கர்ச்சீப் மேலே போய்விட்டது. ஜெனிபர் ஏற இன்னும் கடலையே தாண்ட வேண்டும்!

"ஏலே, இப்ப என்னடா நாறுது?"

கர்ச்சீப்பை இறக்கி முகர்ந்து பார்த்தான். "இப்ப இல்ல மாமா. அவ ஏறுனா நாறும். எங்க அய்யா சொன்னாங்க."

சாயங்காலம் அவனை விடும்போது நானும் இறங்கினேன். வாசல்வரை மீன் குழம்பு வாசம். அவன் அய்யா என்று சொன்ன அப்பா வந்தார். சொன்னேன். சிரித்தார்.

"சின்னப் பிள்ளதானண்ணே. அந்தப் பிள்ளைய முன்னால தனியா உக்கார வச்சிருங்களேன்."

"உங்க வீட்டுக் கொழம்பு தெருவே மணக்குது. அந்த மீனு எங்கருந்து வந்துச்சாம்?"

"அட, அது வேற."

அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்ற கவினும் சொன்னான்: "அது வேற." அதே இழுப்பு, அதே சிரிப்பு.

மறுநாள் பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டினேன். "கர்ச்சீப் பைக்குள்ள போனாத்தான் வண்டி நகரும்."

போனது. ஜெனிபர் ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்க்கிறேன்: கன்னம் உப்ப, முகம் சிவக்க, கவின் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் ஜெனிபர் தன் சட்டைக் கையைத் தானே முகர்ந்து பார்க்கிறாள்.

தம்பிமாரே, கர்ச்சீப்பை நாம் இறக்க வைத்துவிடலாம். மற்றதற்கு அந்த வாசலுக்குத்தான் போக வேண்டும். நான் தினமும் இறங்கிப் போய் அந்த மனிதரிடம் ஒரே கேள்வி கேட்கிறேன்:

"இன்னைக்கு என்ன கொழம்புங்க?"