நெருப்பில்லாத காடு

என் மகன் காட்டில் நெருப்பு மூட்டி ஜப்பான் விமானங்களுக்கு அடையாளம் காட்டுகிறான் என்று பட்டாளத்தாரிடம் பொய் சொன்னவன் நான். பங்களாவையும் துறைமுக உத்தியோகத்தையும் உதறிவிட்டுத் தனிமை தேடிப் போனவனைச் சிப்பாய்களாவது இழுத்து வரட்டும் என்று நினைத்தேன். அவர்கள் அவன் குடிலை எரித்து, அவனைக் காவலில் அடைத்தார்கள். பொய்யென்று நானே போய் ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். அவன் காட்டுக்கே திரும்பிவிட்டான்.

இப்போது மூதூர் இறங்குதுறையில் நிற்கிறேன். தூரத்தில், திருகோணமலைப் பக்கம், சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் தெரிகின்றன. தேனெடுக்கக் காட்டுக்குப் போகும் காசிம், மகனுக்குக் கொடுத்தனுப்ப நான் கொண்டுவந்த மூட்டையை அவிழ்க்கிறார்.

"மகனைக் கண்டனீங்களா, தம்பி?"

"ஓம் ஐயா. இன்னும் உள்ளுக்குப் போயிட்டார்."

"நானும் வரட்டா?"

"உங்களால ஏலாது. ஆனை துரத்தினா உங்களையும் நான்தான் சுமக்கோணும்."

சிரித்தபடி தீப்பெட்டிகளை எடுத்து என்னிடமே நீட்டுகிறார்.

"இது வேணாம். அவர் இப்ப பகல்லயும் நெருப்பு மூட்டுறதில்ல. புகையைக் கண்டா பட்டாளம் வருமாம்."

"கரடி திரியிற காட்டிலயா? இனி ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு சொல்லுங்கோ."

"சொன்னனான் ஐயா. நீங்க சொன்னதெண்டும் சொன்னன். அதாலதான் நம்புறாரில்ல."

உப்பையும் கம்பளியையும் மட்டும் அவர் தோளில் போட்டுக்கொள்கிறார். அரிசியை என் காலடியில் வைக்கிறார்.

"அடுத்த முறை அவல் கொண்டு வாங்க. தண்ணியில நனைச்சாப் போதும்."