தேங்காய் எண்ணெய் என்று எழுதிய பக்கம்

எழுபதுகளின் நடுவில், தொரன்ரோவுக்கு வடக்கே இருந்த ஒரு துப்பாக்கிக் கழகத்தில் நாங்கள் இருவர்தான் தமிழர். நான் ஒரு தொழிற்சாலையில் அளவுப் பரிசோதகன். நான் அண்ணை என்று கூப்பிட்டவர் அங்கேயே கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பழைய மாதிரியில் செய்த ஒரு ரிவோல்வர் வைத்திருந்தார். கருமருந்து நிரப்பிச் சுடுவது. ஆறு குண்டு கொள்ளும். குளிர் தொடங்கிவிட்டால் நான்குக்கு மேல் அவர் சுட்டதில்லை.

காரணம் கரி. கருமருந்து எரிந்த கரி சிலிண்டரின் அச்சில் படிந்து இறுகும். பிறகு சிலிண்டர் சுழலாது. இயந்திர எண்ணெய் பூசினால் கரி தாராகிவிடும். கழகத்தில் எல்லோரும் பூசியது ஒரு பங்கு தேன்மெழுகும் இரண்டு பங்கு மாட்டுக் கொழுப்பும். அண்ணை சைவம், அதைத் தொடமாட்டார். தேங்காய் எண்ணெய் பூசுவார். குளிரில் அது வெள்ளையாக உறைந்து அச்சிலிருந்து உதிரும்.

"அண்ணை, உது தலைக்குப் பூசிற சாமான்."

"உம்மட தலையில ஒண்டுமில்லை, ஐசே. அதாலதான் அருமை தெரியேல்லை."

புரட்டாதியில் அவருக்கு ஈரலில் புற்று என்று சொன்னார்கள்.

"ஆறையும் ஒருக்கா இடையில நிக்காமச் சுட்டுப்போடவேணும். வேற ஆசையில்லை," என்றார்.

ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை ஒரு சின்னத் தகரப் பேணியை அவரிடம் கொடுத்தேன். மெழுகு இருபது கிராம், மாட்டுக் கொழுப்பு நாற்பது. மணத்துக்காக ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய்.

முகர்ந்து பார்த்தார். "எங்கட எண்ணெய்தானே?"

"ஓம் அண்ணை. மெழுகு கொஞ்சம் சேர்த்திருக்கிறன்."

விரலால் எடுத்து அச்சில் தடவினார். ஒவ்வொரு குண்டின் மேலும் அப்பினார். நான்காவது வெடித்தது. ஐந்தாவது. சிலிண்டர் இலகுவாகச் சுழன்றது. ஆறாவதுக்குப் பிறகு துப்பாக்கியை மேசையில் வைத்தார்.

"பாத்தீரோ? தேங்காய் எண்ணெயைப் பழிச்சீர்." பேணியில் மிஞ்சியதை வழித்து, சிரித்தபடி, தன் தலையில் தேய்த்துக்கொண்டார். அவர் கையைப் பிடிக்க எனக்கு நேரம் இருந்தது. பிடிக்கவில்லை.

மார்கழியில் போய்விட்டார். மலர்ச்சாலையில் வரிசையாக நின்று அவர் தலையில் எண்ணெய் வைத்தோம். என் முறை வந்தபோது, அந்த முடியை நான் தொடலாமா என்று நின்றேன். பின்னால் நின்றவர் மெல்லத் தள்ளினார். வைத்தேன்.

என் நாட்குறிப்பில் எதையும் நிறை பார்த்துத்தான் எழுதுவேன். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் "தேங்காய் எண்ணெய், ஆறு குண்டு" என்று மட்டும் இருக்கிறது. திருத்த இரண்டு தடவை பேனா எடுத்தேன், இரண்டு தடவையும் மூடிவைத்தேன். அவருடைய மனைவி அதை ஒருநாள் கேட்டு வாங்கிப் படிக்கக்கூடும்.