குல்லாவுக்குள் இருந்த தகடு

1. வலியில்லாத தலை

ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என்னை டாக்டர் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். மீதிப்பேர் ஏமாற்றுக்காரி என்று நினைத்துச் சண்டைக்கு வருவார்கள். கலியபெருமாள் இரண்டாவது வகை.

கடலூரில் ஐந்து வருஷம் சி.டி. மெஷினோடு குப்பை கொட்டிவிட்டு, 2009 வாக்கில் சிதம்பரத்தில் ஒரு சென்டருக்கு எம்.ஆர்.ஐ. டெக்னீசியனாக வந்திருந்தேன். கலியபெருமாள் ஸ்ரீமுஷ்ணத்தில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மனைவி செல்வராணியைத் தலை ஸ்கேனுக்கு அழைத்து வந்திருந்தார். ஒப்புதல் படிவத்தைக் கொடுத்ததும் பேனாவைத் திறக்காமலேயே ஆரம்பித்துவிட்டார்.

"தலைவலியே இல்லாத தலைக்கு எதுக்கு மேடம் ஸ்கேனு? மயக்கம் இல்ல, வாந்தி இல்ல. நல்லா ஓடுற செட்டைத் தொறந்து பாக்குறது எங்க தொழில்லயே தப்பு."

"அடேங்கப்பா! எங்க வீட்டு டி.வி.யைச் சும்மா தொறந்து பாத்துட்டுக் காசு வாங்குனவரு உங்க சொந்தக்காரரா?" என்றேன். செல்வராணி சிரித்துவிட்டார். கலியபெருமாள் முறைத்தார்.

கேள்வி நியாயமானதுதான். அந்த அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். முற்றி, எலும்புக்கும் கல்லீரலுக்கும் போயிருந்தது. அவருக்கு வந்திருந்த வகை மூளைக்கும் போகக்கூடிய வகை. தொந்தரவு வந்த பிறகு ஓடுவதைவிட, சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் ரேடியேஷன் கொடுத்து அடக்கிப் பார்க்கலாம் என்று கடலூர் கேன்சர் டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். எல்லா டாக்டரும் அப்படி எழுதுவதில்லை. எழுதலாமா வேண்டாமா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. அதில் எனக்கு வேலை இல்லை, என் வேலை படம் எடுப்பது.

செல்வராணி அங்கன்வாடி டீச்சர். அவர்தான் படிவத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"கல்லீரலுக்கு வந்தது வந்திடுச்சும்மா. தலைக்கு மட்டும் வந்திடக் கூடாது. எம்புத்தி கடைசி வரைக்கும் எங்கிட்டயே இருக்கணும். இந்த மனுசனை யாருன்னு கேக்குற நெலமை எனக்கு வேணாம்."

கலியபெருமாள் சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை நான் கேட்காமலேயே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

2. என் தப்பு

எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைவதற்கு முன் உடம்பில் இருக்கும் உலோகமெல்லாம் கழல வேண்டும். தோடு, மூக்குத்தி, மெட்டி, இடுப்புச் சாவி, தாலிச் சரட்டில் கோத்திருக்கும் அரை டஜன் ஊக்கு என்று எல்லாமே. தாலி விஷயத்தில்தான் தினமும் பஞ்சாயத்து நடக்கும். செல்வராணி விவரமானவர். வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

தலையில் ஒரு பருத்திக் குல்லா போட்டிருந்தார். கழற்றச் சொன்னேன்.

"ஏம்மா, இந்த மொட்டைத் தலையை எல்லாருக்கும் காட்டணுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆம்பள டாக்டரு ஒக்காந்திருக்காரு. வேண்டுதலுக்குப் போட்ட மொட்டைன்னாலும் பரவால்ல, இது மருந்து கொட்டவெச்சது. தெருவுல எந்தக் கோயில்னு கேக்குறாங்க. ஆளுக்கு ஒரு கோயில் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப யாருக்கு எதைச் சொன்னேன்னே மறந்துபோச்சு."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம். குல்லாவைத் தடவிப் பார்த்தேன். ஊக்கு இல்லை, பட்டன் இல்லை. பிடரிப் பக்கம் மடித்துத் தைத்த இடம் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. கெட்டித் தையல் என்று நினைத்துக்கொண்டேன். சரி, இருக்கட்டும் என்று படுக்கவைத்து, தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி இருக்கும் ஹெட் காயிலை மாட்டினேன். தலையிலிருந்து வரும் சிக்னலைப் பிடிப்பது அதுதான்.

இளம் டெக்னீசியன்களே, இரக்கப்பட வேண்டியதுதான். ஆனால் குல்லாவைக் கழற்றிவிட்டு இரக்கப்படுங்கள்.

முதல் படம் வந்தது. முன்பக்கம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. பின்பக்கம் பார்த்தால் பிடரிக்கு மேலே ஒரே கறுப்பு. சிறுமூளை இருக்க வேண்டிய இடத்தில் பாதியைக் காணோம்.

எங்கள் டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னாம்மா இது? அந்தம்மாவுக்குப் பின்மண்டையே இல்லியா? ஆளைப் பாத்து முழுசாப் படுக்கவெச்சியா, பாதியை வெளியவே விட்டுட்டியா?"

"ஏதோ மெட்டல் இருக்கு சார்."

"இருக்கான்னு பாக்கத்தான உனக்குச் சம்பளம்?"

அவர் கிண்டல் பண்ணினாலும் அதில் உறைப்பு இருக்கும். எழுந்து போய் மேஜையை வெளியே இழுத்தேன். "அம்மா, இந்தக் குல்லாவுல என்னா வெச்சிருக்கீங்க?" என்றேன். "எந்தலையைத்தான் வெச்சிருக்கேன்" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கழற்றி வாங்கி, தடிப்பாக இருந்த தையலைப் பிரித்தேன். உள்ளே நாலாக மடித்த செம்புத் தகடு. அதில் கட்டம் போட்டு எழுத்தும் எண்ணுமாகக் கீறியிருந்தது. மந்திரித்த தகடு.

3. ரேடியோக்காரருக்குப் புரிந்த பாஷை

தகட்டோடு வெளியே வந்தேன். என் கையைப் பார்த்ததுமே கலியபெருமாளின் முகம் விழுந்துவிட்டது.

"மேடம், அது இரும்பு இல்ல. ஸ்பீக்கர் காந்தத்துல வெச்சுப் பாத்தேன், ஒட்டல. டெஸ்ட் பண்ணிட்டுத்தான் தெச்சேன்."

அவரே தைத்தாராம்! ராத்திரி மனைவி தூங்கின பிறகு உட்கார்ந்து, சால்டரிங் பிடிக்கிற கையால் ஊசி பிடித்திருக்கிறார்.

"எதுக்குங்க?"

"ஸ்கேன்ல ஒண்ணும் தெரியக் கூடாதுன்னு மந்திரிச்சிக் குடுத்தாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா வேலை செஞ்சிருக்குது போங்க! ஒண்ணுமே தெரியல! வெறும் கறுப்பு! முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு, பின்பக்கம் என்னா இருக்குன்னு பாக்க வழியில்ல."

அதைச் சொன்னது என் இரண்டாவது தப்பு. டெக்னீசியன் வாயிலிருந்து ரிசல்ட் வரவே கூடாது. அதிலும் பாதி ரிசல்ட். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"முன்பக்கம் நல்லா இருக்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அது போதும் மேடம். இதோட விட்டுடுங்க. நாங்க கெளம்புறோம். ஏற்கனவே ரெண்டு எடத்துல இருக்குன்னு சொன்னதையே அவ தாங்கிக்கிட்டா. மூணாவதா ஒண்ணை எங்கிட்ட சொல்லாதீங்க. என்னால முடியாது."

அவர் கண் கலங்கிவிட்டது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மனிதர் ஸ்கேனை எதிர்க்கவில்லை, பயந்துபோயிருந்தார். மந்திரத்தை நம்பினாலும், தகடு மெஷினுக்குள் போகலாமா என்று தன் தொழில் அறிவை வைத்துச் சோதித்திருக்கிறார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். ரேடியோவுல ஆன்டெனா காயில் பக்கத்துல செம்புத் தகட்டை வெச்சா என்னாகும்?"

"சிக்னல் அடிபடும். ஸ்டேஷன் எடுக்காது."

"ஸ்டேஷன் எடுக்கலன்னா, அங்க ஸ்டேஷனே இல்லன்னு அர்த்தமா?"

அவர் என் கையிலிருந்த தகட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "நாந்தான் அடைச்சிட்டேனா?" என்றார்.

அதற்குள் உள்ளேயிருந்து செல்வராணி வந்துவிட்டார். குல்லா இல்லை, முந்தானையைக்கூடத் தலையில் போடவில்லை. வெளியே பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் யாரையும் லட்சியம் பண்ணவில்லை.

"மாமா, எல்லாத்தையும் கேட்டேன். மார்ல கட்டி இருக்குன்னு தெரிஞ்சும் ஆறு மாசம் உன்கிட்டகூடச் சொல்லாம மறைச்சேன். எங்க கொண்டாந்து விட்டிச்சு பாத்தில்ல? இப்ப நீ எந்தலையை எங்கிட்டயே மறைக்கிறியா? என்னைக் கேக்காம எனக்குள்ள ஒண்ணு வளரக் கூடாது. அப்புறம், தையலும் கேவலமா இருக்குது. கோணல்."

பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தே விட்டார். கலியபெருமாளும் சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. செல்வராணி மொட்டைத் தலையோடு, வந்த வழியே திரும்பிப் போய் மேஜையில் தானாகவே படுத்துக்கொண்டார்.

முதலிலிருந்து எடுத்தேன். ஊசி போட்டு, கட்டியை வெள்ளையாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியும் எடுத்தேன். அந்தக் கறுப்பு இருந்த இடத்தில், சிறுமூளையின் இடது பக்கம், பச்சைப்பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

டாக்டர் கிண்டலை நிறுத்திவிட்டுத் திரையில் விரல் வைத்தார். "நல்லவேளை, பொடிசா இருக்கு" என்றார். நான் முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு உள்ளே போய்க் காயிலைக் கழற்றினேன்.

செல்வராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்குதா?"

"ரிப்போர்ட் டாக்டர் குடுப்பாரும்மா."

"இந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு உன்னை எப்புடிம்மா இந்த வேலைக்குச் சேத்தாங்க?" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

4. அதற்குப் பிறகு

புதுச்சேரியில் ரேடியேஷன் கொடுத்தார்கள். மூணு மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது புள்ளி சுருங்கியிருந்தது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு முறையும் வெறுந்தலையோடு வந்தார். கொஞ்சம் முடி முளைத்ததும் வகிடு எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். இருந்த முடிக்கு அந்த வகிடு ரொம்ப ஜாஸ்தி என்று நான் சொன்னதற்கு, என் கொண்டையை இழுத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் யாருடைய தலையிலும் ஒரு நூலைக்கூட விட்டுவைத்ததில்லை. கழற்றத் தயங்குகிறவர்களுக்கு அறைக் கதவைச் சாத்தி, கண்ணாடிக்குத் திரை போட்டு, நானே கழற்றிவிடுவேன். ஆண்களை வெளியே அனுப்புவேன், டாக்டரையும் சேர்த்து. இன்னொன்றும் பழகிக்கொண்டேன். கூட வந்தவர் சண்டை போட்டால் முதலில் அவருக்கு ஒரு நாற்காலி கொடுப்பேன். வலி இல்லாத தலைக்கு ஸ்கேன் எடுக்கும்போது, நோயாளியைவிட அவருக்குத்தான் பயம் அதிகம்.

2012இல் ஒருநாள் காலையில் கலியபெருமாள் தனியாக வந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"கல்லீரல்தான் மேடம். பதினஞ்சு நாளாச்சு. தலைக்கு மறுபடி ஒண்ணும் வரல. கடைசி வரைக்கும் எல்லாரையும் பேரு சொல்லித்தான் கூப்புட்டா. போற அன்னைக்குக் காலைலகூட என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'மாமா, சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்க'ன்னா."

சொல்லிவிட்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் ஒரு பட்டன் மாறித்தான் இருந்தது.