நான் நட்ட நாலு வரிசை

ராமாயி அக்கா கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. இப்போதாவது சொல்லாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்.

உதயசூரியன் ஆட்சிக்கு வந்த மறுவருஷம், புரட்டாசி மாதம். திருவையாற்றுக்குத் தெற்கே எங்கள் ஊரில் நடவுக்கூலி நாலு படி நெல். அரைப் படி கூட்டிக் கேட்டோம். கூலிக்காரர் சங்கத்துக்குத் தலைவர் ரெத்தினம், அதாவது நான். இருபத்தாறு வயது, நீலம் போட்டு வெளுத்த சட்டை, வாய் நிறையப் பேச்சு. நடவுக்குத் தலைமை ராமாயி அக்கா. நாற்பது பெண்களும் அவள் காட்டிய இடத்தில்தான் குனிவார்கள். கூட்டத்தில் பேசச் சொன்னால் மட்டும், "நமக்கு என்னத்தத் தெரியும்" என்று பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம், பொய் சொல்வானேன்.

மிராசுதார் வைத்தியலிங்கம் வரப்பில் குடை பிடித்து நின்றபடி, சேற்றில் கால் வைக்காதவனுக்கு நடவைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பேசாமல் வந்திருக்கலாம். வந்தேனா? பெண்களோடு இறங்கி ஒரு வயலை நட்டுக் காட்டுகிறேன், பின்தங்கினால் பழைய கூலியே போதும் என்று சொல்லித் தொலைத்தேன். நாற்பது வீட்டு உலையைப் பந்தயம் வைத்தேன், ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

பின்பக்கமாக நகர்ந்துகொண்டேதான் நடவேண்டும். பிந்தியவளைச் சுற்றி மற்றவர்கள் நட்டு, நாற்றுக்குள் அடைத்துவிட்டுக் கேலி செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அடைபடுவதைப் பார்க்கத்தான் மிராசுதார் காத்திருந்தார்.

அக்கா என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். எனக்கு இடுப்பு கழன்றது. தலை தூக்கிப் பார்க்கவும், எத்தனை வரிசை நட்டேன் என்று எண்ணவும் நேரமில்லை. ஆனாலும் அடைபடாமல், எல்லாரோடும் சேர்ந்து வரப்பேறினேன். மிராசுதார் வேறு வழியில்லாமல் அரைப் படிக்குச் சம்மதித்தார். சாயங்காலம் கழுத்தில் மாலையோடு ஒரு மணி நேரம் பேசினேன். என் உழைப்பு, என் உழைப்பு என்று எத்தனை தடவை சொன்னேனோ. அக்கா பின்னால் உட்கார்ந்து கைதட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போனேன். தண்ணீர் கட்டியிருந்தார்கள். சரியாக ஊன்றாத நாற்று மிதக்கும். நான் நட்டது மிதந்தது, நாலே வரிசை. ஆளுக்குப் பத்து வரிசை நட்டாக வேண்டும். என் பங்கில் மீதி ஆறும் அசையாமல் நின்றன. அது அக்காவின் கை. தன் பத்தையும் நட்டு, என் ஆறையும் நட்டிருக்கிறாள். இப்போது ஒண்டியாக இறங்கி, மிதந்ததைப் பொறுக்கி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா நேத்தே சொல்லல?"

"சொன்னா அரைப் படி போயிருக்குமே தம்பி. ஒனக்காகவா நட்டேன்? எறங்கு, மிராசுதார் வந்துருவாரு."

சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு இறங்கினேன். அந்தக் காலைச் சேற்றின் சில்லிப்பு இன்னும் காலில் இருக்கிறது. எனக்கு அழுகையே வந்தது.

அதற்கப்புறம் இருபது வருஷம் தலைவராக இருந்தேன். நட்டு ஜெயித்தவர் என்றுதான் ஊரே சொல்லிற்று. நானும் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் இரங்கல் கூட்டத்திலும் அப்படிச் சொல்லியே என்னைப் பேச அழைத்தார்கள். எழுந்தேன்.

"நமக்கு என்னத்தத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பின்வரிசையில் அவள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.